மூன்றாம் போர்ட், நான்காம் போர்ட்

அந்த ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்க்கிற அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒருவருக்கும் தெரியாது. "சிஸ்டம் வந்தாச்சா?", "சிஸ்டத்தைக் கூப்பிடு" என்றுதான் பேச்சு. பிரிண்டர் காகிதத்தைத் தின்றாலும் சிஸ்டம்தான், சூப்பிரண்டெண்ட் மகளின் செல்போன் கீழே விழுந்தாலும் சிஸ்டம்தான். அவனும் கூப்பிட்ட குரலுக்கு ஓடுவான். ஓடாமல் முடியாது. அக்காவின் வீட்டுக்காரர் மூன்றாம் மாடியில் இரண்டு கிட்னியும் வேலை செய்யாமல் கிடந்தார். இவன் அங்கே ஊழியன் என்ற ஒரே தகுதியில்தான் மாமாவுக்கு டயாலிசிஸ் மெஷினில் முறை கிடைத்துக்கொண்டிருந்தது. இருந்ததே ஒரு மெஷின். அதற்குக் காத்திருந்த கூட்டம் கொஞ்சநஞ்சமல்ல. இவன் வேலை போனால் மாமாவின் முறையும் போகும், முறை போனால் மாமாவும் போவார். இது அவனுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், சூப்பிரண்டெண்டுக்கு ரொம்ப நன்றாகவே தெரியும்.

மாமா லாரி ஓட்டியவர். ஒரு காய்ச்சல் வந்தது, சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரையை விழுங்கிவிட்டு லோடு ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது கால் வீங்கி, முகம் வீங்கி, லாரியிலிருந்து இறங்கவே இரண்டு ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. "இது நிரந்தரமான கோளாறு இல்ல. கிட்னி தானா எழுந்துக்கலாம். எழுந்துக்காமலும் போகலாம். அதுவரைக்கும் மெஷின்தான்" என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அக்காவுக்கு உலகம் காலை ரிப்போர்ட்டில் தொடங்கி அதிலேயே முடிந்தது.

அந்த ரிப்போர்ட் வருவது கீழ்த்தளத்து லேபிலிருந்து. அங்கே ரத்தம் பார்க்கும் மெஷின்கள் இரண்டு, இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே அச்சு. முதல் மெஷின் மாடி வார்டுகளுக்கு, இரண்டாவது கீழ் வார்டுகளுக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு வட்டத் தட்டு, தட்டைச் சுற்றிக் குழிகள். குழியில் ரத்தக் குப்பியை வைத்துவிட்டு, எந்தக் குழியில் யாருடைய ரத்தம் என்று கம்ப்யூட்டரில் பெயரைத் தட்ட வேண்டும். மெஷினுக்குப் பெயரெல்லாம் தெரியாது. "நாலாம் குழி, இவ்வளவு" என்று ஒயர் வழியாகச் சொல்லும். அந்த எண்ணை வாங்கி நாலாம் பெயருக்கு நேரே எழுதுவது கம்ப்யூட்டரின் வேலை.

மெஷின்கள் நன்றாகத்தான் இருந்தன. கூட வந்த கம்ப்யூட்டர்கள்தான் கிழடு தட்டி, ஒன்றன்பின் ஒன்றாக மண்டையைப் போட்டன. புதுக் கம்ப்யூட்டரில் அந்தப் பழைய ப்ரோக்ராம் ஓடாது. மெஷினை விற்ற கம்பெனியோ போன் எடுப்பதை எப்போதோ விட்டுவிட்டது. அவன்தான் வழி கண்டுபிடித்தான். ஒரு புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இரண்டு பழைய கம்ப்யூட்டர்களைக் குடிவைத்தான். வெளியே இருப்பது வீட்டுக்காரன், உள்ளே இருப்பவை இரண்டும் விருந்தாளிகள். ஒவ்வொரு விருந்தாளியும் தான்தான் முழு வீடு என்று நினைத்துக்கொண்டு தன் பழைய ப்ரோக்ராமை ஓட்டிக்கொண்டிருக்கும். திரையில் இரண்டு சன்னல்கள், ஒன்று, இரண்டு என்று. லேப் மேடத்துக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. "நம்ம வீட்டு விருந்தாளிங்க மாதிரி கிளம்பவே மாட்டாங்களா?" என்று சிரித்தாள்.

வம்பு வந்தது சீரியல் போர்ட்டில், அதாவது மெஷினின் ஒயரைச் செருகும் துளையில். பழைய ப்ரோக்ராமுக்கு மெஷினின் ஒயர் காம் ஒன் என்ற போர்ட்டில்தான் இருக்க வேண்டும், வேறு எங்கேயும் எட்டிக்கூடப் பார்க்காது. புதுக் கம்ப்யூட்டரில் அப்படி ஒரு போர்ட்டே கிடையாது. அவன் இரண்டு யுஎஸ்பி ஒயர் வாங்கி வந்து மெஷின்களைச் செருகினான். வீட்டுக்காரக் கம்ப்யூட்டர் அவற்றுக்கு மூன்று, நான்கு என்று எண் கொடுத்தது. முதல் விருந்தாளியின் செட்டிங்கைத் திறந்து, "உன் காம் ஒன் என்பது வெளியே மூன்றாம் போர்ட்" என்று அமைத்தான். இரண்டாவதற்கு நான்காம் போர்ட். இரண்டுக்கும் உள்ளே பெயர் காம் ஒன்தான். ஒவ்வொரு மெஷினிலும் ஒரு குப்பி வைத்துப் பார்த்தான். எண்கள் சரியான சன்னலில் வந்து விழுந்தன. லேப் மேடம் கைதட்டினாள்.

இங்கேதான் அவன் சறுக்கினான். மூன்று, நான்கு என்பது ஒயரோடு பிறந்த எண் இல்லை. கம்ப்யூட்டர் எழும்போது எந்த ஒயர் முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு மூன்று. விலை கூடிய ஒயராக இருந்தால் தனக்கென்று ஓர் அடையாளம் வைத்திருக்கும். இவை மலிவுச் சரக்கு, இரண்டுக்கும் ஒரே முகம். ஆகவே எண்ணை நம்பாமல், எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்துக் கட்டிப்போட வேண்டும். இது அவனுக்குத் தெரியாததல்ல. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

"மேடம், ஒரு தடவை எல்லாத்தையும் அணைச்சுப் போட்டுப் பாத்துடறேன். இன்னும் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு."

"அணைக்கிறதா? வெளிய எத்தனை பேர் கையை நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க பாத்தியா? ஓடுதுல்ல, விடேன்."

அதே நேரம் அக்காவிடமிருந்து போன், மாமாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மாடிக்கு ஓடினான். அந்த நாளை வரவேயில்லை. ஓடுகிற வேலையைத் தொட யாருக்கு மனசு வரும்? அவனுக்கும் வரவில்லை.

பிறகு ஒரு விடியற்காலையில் கரண்ட் போய் வந்தது. லேபில் இருந்த பெண்கள் தாங்களே கம்ப்யூட்டரை எழுப்பி, சன்னல்களைத் திறந்து, வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். சிஸ்டத்தை எதிர்பார்க்காமல் செய்துவிட்டோம் என்று அவர்களுக்குப் பெருமைகூட.

அன்று காலை அவன் மூன்றாம் மாடிக்குப் போனபோது அக்கா பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மாமாதான் போய்விட்டார் என்று நினைத்து ஓடினான். பக்கத்தில் போனபிறகுதான் அவள் சிரித்துக்கொண்டே அழுகிறாள் என்பது தெரிந்தது.

"டேய் தம்பி, எழுந்துக்கிச்சுடா! மாமாவுக்கு உப்பெல்லாம் இறங்கிடுச்சாம். பெரிய டாக்டரே வந்து கையைக் குலுக்கிட்டுப் போனாரு. இன்னைக்கு மெஷின் வேணாம்னுட்டாங்க."

அவனும் அழுதான். மாமாவை எட்டிப் பார்த்தான். களைப்பாகத்தான் கிடந்தார், வீக்கமும் அப்படியேதான் இருந்தது. ஆனால் ரிப்போர்ட்டே சொன்னபிறகு கண்ணுக்கு என்ன மரியாதை?

அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு பெண் கலங்கிப்போய் நின்றிருந்தாள். கீழ் வார்டில் இருந்த ஒரு தையல்காரரின் மனைவி. சர்க்கரை நோயில் அவருக்குக் காலில் புண், அதை வெட்டி எடுக்க வந்தவர்கள். இன்று காலை திடீரென்று கிட்னி போய்விட்டது, ரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது, எந்த நிமிஷமும் இதயம் நின்றுவிடும் என்று மேலே தூக்கி வந்திருக்கிறார்கள். இன்னொரு முறை ரத்தம் எடுத்துப் பார்க்கும்வரை காத்திருக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. கழுத்தில் குழாய் போட்டு, காலியாக இருந்த மாமாவின் முறையில் ஏற்றிவிட்டார்கள்.

"நேத்து ராத்திரிகூட வாய் ஓயாம பேசிக்கிட்டுதான் இருந்தாரு" என்றாள் அவள். "உங்க வீட்டுக்காரர் நல்லாகப் போய்தான் எங்களுக்கு இடம் கிடைச்சுது, அக்கா. உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும்."

"சீ, என்ன பேச்சு இது. உன் ஆளும் எழுந்துப்பாரு பாரு" என்று அக்கா அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். அன்றைக்கு அக்காவின் கையில் சந்தோஷம் மிச்சமிருந்தது, யாருக்கு வேண்டுமானாலும் அள்ளிக் கொடுப்பாள்.

அவன் படியிறங்கி லேபுக்குப் போனான். நடையில் ஒரு துள்ளல்கூட இருந்தது. உள்ளே ஒரு பெண் இரண்டாவது மெஷினை அணைத்துவிட்டு, மூடியைத் திறந்து, உள்குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். முதல் மெஷின் மட்டும் தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் சும்மா திரையைப் பார்த்தான். முதல் சன்னல் அசையாமல் நின்றது. இரண்டாவது சன்னலில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

அணைத்துக் கிடக்கும் மெஷின் எப்படிப் பேசும்?

அவனுக்கு ஒரு கணம் எதுவுமே விளங்கவில்லை. பிறகு எல்லாமே சேர்ந்து விளங்கியது. கரண்ட் போனது. கம்ப்யூட்டர் எழுந்தது. ஒயர்கள் இடம் மாறி எண் வாங்கியிருக்கின்றன. மாடி ரத்தத்தின் கணக்கெல்லாம் கீழ் வார்டுப் பெயர்களுக்கும், கீழ் வார்டுக் கணக்கெல்லாம் மாடிப் பெயர்களுக்கும் போயிருக்கிறது. முதல் சன்னலின் காலைப் பட்டியலில் மாமாவின் குப்பி நாலாம் குழி. இரண்டாவது சன்னலை மேலே தள்ளி நாலாம் பெயரைப் பார்த்தான். தையல்காரர்.

எழுந்து நின்றது மாமாவின் கிட்னி இல்லை. கெட்டுப்போனது தையல்காரரின் கிட்னியும் இல்லை. மாடியில் மெஷின் வேண்டியவர் மெஷின் இல்லாமல் கிடக்கிறார், வேண்டாதவர் கழுத்தில் குழாயோடு கிடக்கிறார்.

லேப் மேடத்திடம் சொன்னபோது அவள் முகம் வெளிறியது. ஆனால் கெட்டிக்காரி, சீக்கிரமே சமாளித்துக்கொண்டாள். "முதல்ல இதைச் சரிபண்ணு. நான் மேல போன் பண்ணி, குப்பி மாறிடுச்சு, திரும்ப எடுத்து அனுப்புங்கன்னு சொல்றேன். குப்பி மாறுறது எல்லா ஊர்லயும் நடக்கறதுதான். ஒயர், போர்ட்டுன்னு நீ எதையும் உளறி வைக்காத. உனக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல."

அவன் விருந்தாளிகள் இரண்டையும் நிறுத்தினான். செட்டிங்கைத் திறந்து, எண்களை எடுத்துவிட்டு, மேல் துளை முதலாவதற்கு, கீழ்த் துளை இரண்டாவதற்கு என்று கட்டினான். அணைத்துப் போட்டான். திரும்பவும் அணைத்துப் போட்டான். எத்தனை முறை எழுப்பினாலும் அதது அதனதன் இடத்தில் நின்றது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அந்த வேலை அவ்வளவுதான். அதை நினைத்தபோது சுவரில் தலையை மோதிக்கொள்ளலாம் போல இருந்தது.

திரும்ப எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட் போனதும் மாடியில் பெரிய டாக்டர் கத்தினார். நர்ஸுகள் ஓடினார்கள். தையல்காரரை மெஷினிலிருந்து இறக்கி, மாமாவை ஏற்றினார்கள். மாமாவுக்கு அதற்குள் இதயம் தடுமாற ஆரம்பித்திருந்தது, ஊசிமேல் ஊசியாகப் போட்டார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்று டாக்டர் சொன்னார். பிழைத்துக்கொண்டார்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையில் கொடுத்ததை மதியம் பிடுங்கிக்கொண்டதுபோல அவள் முகம் சுருங்கிவிட்டிருந்தது. அவன் அவளைப் படிக்கட்டு ஓரத்துக்குக் கூட்டிப் போய் உள்ளதைச் சொன்னான். போர்ட் என்ன, ஒயர் என்ன, தான் எதைச் செய்யாமல் விட்டேன், எல்லாவற்றையும்.

அக்கா முழுவதையும் கேட்டாள். பிறகு அவன் சட்டையைப் பிடித்தாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"லேப் மேடத்துக்கு."

"அவ சொல்ல மாட்டா. நீயும் சொல்லக் கூடாது."

"அக்கா, மேலயும் கீழயும் எல்லாருக்கும் இன்னைக்கு ரிப்போர்ட் மாறிப்போயிருக்கு..."

"அதான் திரும்ப எடுக்கறாங்களே. நீ சொன்னா உன்னைத் தூக்கிடுவாங்க. உன்னைத் தூக்கினா மாமாவை நாளைக்கே வரிசையில கடைசில போட்டுடுவாங்க. எனக்குப் புருஷன் வேணும்டா. நான் நல்லவளா கெட்டவளான்னு அப்புறம் பாத்துக்கலாம்."

அவன் தலையாட்டினான். பயமும் இருந்தது, பாசமும் இருந்தது. எது எவ்வளவு என்று அவனைக் கேட்டால் அவனுக்கே தெரிந்திருக்காது.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போனாள். தையல்காரர் மனைவி அங்கே ஆளே மாறி உட்கார்ந்திருந்தாள். "அக்கா, கேட்டீங்களா? இவருக்குக் கிட்னி நல்லாத்தான் இருக்காம். குப்பி மாறிப்போச்சாம். உசுரு போய் உசுரு வந்துச்சு. ஐயோ, உங்களுக்குத்தான் இப்படி ஆயிடுச்சே" என்று சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். தன்னை எப்படியோ தேற்றிக்கொண்டு அக்கா பையிலிருந்து ரொட்டியை எடுத்துப் பிட்டு, பாதியை அவளுக்குக் கொடுத்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

அவனைப் பார்த்ததும் அந்தப் பெண் எழுந்து நின்றாள். "தம்பி, நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாமே. நர்ஸம்மா சொன்னாங்க. தெய்வம் மாதிரி வந்தீங்க."

அவன் ஏதோ முனகிவிட்டு நகர்ந்தான். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

தையல்காரரை மெஷினிலிருந்து இறக்கியதோடு எல்லாம் முடிந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். ஆனால் மெஷினில் ஏற்றும்போது, ரத்தம் குழாயில் உறையாமல் இருக்க ஒரு மருந்து கொடுப்பார்கள். அது அவர் உடம்பில் இருந்தது. முதலில் கால் புண்ணில் கட்டு நனைந்தது. துணியை மாற்றினார்கள். மறுபடி நனைந்தது. மருந்தை முறிக்க வேறு மருந்து போட்டார்கள். பிறகு தலை வலிக்கிறது என்றார். கொஞ்ச நேரத்தில் பேச்சு குழறியது. மனைவியைப் பார்த்து, கடைச் சாவி எங்கே என்று கேட்டார். சாவி அவர் தலையணைக்குக் கீழேதான் இருந்தது. அதை எடுத்து அவள் கையில் வைத்தபோது அவருக்கு அது என்னவென்று தெரியவில்லை. மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்று டாக்டர்கள் ஓடினார்கள். வெளிச்சம் மங்கும் நேரத்துக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

சர்க்கரை நோயாளி, பலவீனமான உடம்பு, எதிர்பாராத விதமாக என்று சூப்பிரண்டெண்ட் நல்ல வார்த்தைகளாகப் பொறுக்கிச் சொல்லிவிட்டுக் கீழே போனார். குப்பி என்ற பேச்சைக்கூட அவர் எடுக்கவில்லை.

அதே பெஞ்சு. தையல்காரர் மனைவி அழக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். அக்கா அவள் கையைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். உள்ளே மாமா கண்விழித்துத் தண்ணீர் கேட்டதாக நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போனாள். சந்தோஷமான செய்தி. அதைக் கேட்டு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

அவன் எதிரே வந்து நின்றான். அந்தப் பெண் நிமிர்ந்தாள்.

"தம்பி, நீங்க படிச்சவங்க. கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுங்களேன். கால் புண்ணுக்கு வந்த மனுஷன். என்னதான் ஆச்சு? நான் ஏதாவது பாக்காம விட்டுட்டேனா?"

அக்கா அவனைப் பார்த்தாள். பார்வையாலேயே வாயைப் பொத்தினாள். அவனால் முடிந்திருக்கும். அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் அந்தப் பெண் கேட்காமல் இருந்திருந்தால் அவனால் சொல்லாமல் இருக்க முடிந்திருக்கும்.

அவன் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தான்.

"நீங்க எதையும் விடல. நான்தான் விட்டேன். குப்பி மாறல. லேப்ல ரெண்டு மெஷினுக்கும் ஒயர் போட்டது நான். கம்ப்யூட்டர் எழுந்துக்கறப்போ அந்த ஒயர் ரெண்டும் இடம் மாறும்னு எனக்குத் தெரியும். மாறாம கட்டியிருக்கணும். கட்டல. எங்க மாமாவோட ரிப்போர்ட் உங்க வீட்டுக்காரர் பேர்ல வந்துடுச்சு. மெஷின் அவருக்குத் தேவையே இல்ல. அதுல குடுத்த மருந்துலதான் ரத்தம் நிக்கல."

அவளுக்கு ஒயர் புரிந்ததோ இல்லையோ, மற்றது புரிந்தது. மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

அக்கா தலையசைத்தாள்.

"எப்ப தெரியும்?"

"மத்தியானம்" என்றாள் அக்கா.

"ரொட்டி குடுத்தீங்களே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவள் தன் கையை அக்காவின் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். கோபமாக இழுக்கவில்லை, வேறு யாருடைய பொருளையோ எடுப்பதுபோல எடுத்துக்கொண்டாள். பிறகு அவனிடம் சொன்னாள்:

"எங்கிட்ட எதுக்குச் சொல்றே? எனக்கு என்ன தெரியும், நான் யாரைக் கேக்கப்போறேன்? அழுதுட்டு அவரைத் தூக்கிட்டுப் போயிடுவேன், உனக்கு மனசு லேசாயிடும். அதுக்குத்தானே? இப்ப ஒருத்தர் வந்து கதை சொல்லிட்டுக் கீழ போனாரே, அவர்கிட்டப் போய்ச் சொல்லு. எல்லார் முன்னாலயும் சொல்லு."

அவன் எழுந்தான். சூப்பிரண்டெண்ட் இன்னும் கிளம்பியிருக்க மாட்டார். படிக்கட்டுப் பக்கம் நடந்தான். முதல் படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. திட்டும் குரல் இல்லை, கெஞ்சும் குரலும் இல்லை. சின்ன வயதில் கடைக்கு அனுப்பும்போது வாங்க வேண்டியதை நினைவுபடுத்துவாளே, அந்தக் குரல்.

"தம்பி, நாளன்னைக்கு மாமாவுக்கு முறைடா."

அவனுக்குக் கேட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினான்.